பழைய அதிர்வுத்தாங்கியை வாங்கிப் பூட்டுமுன்

(பேரா மாநிலத்தில் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்திற்கு இருமருங்கிலும் நிற்கும் இரண்டு அதிர்வுத்தாங்கிகளைப் பற்றியது. பட்டறைகளில் அவற்றை ‘அப்சார்பர்’ என்று சொல்வார்கள். அதிலும், புதிதாக வாங்குவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பிறர் ஓட்டிக் கழித்த பின், ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ பழைய உதிரிப்பாகக் கடையின் கூரைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பதை நாம் விலை பேசி வாங்கி வருகிறோமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இத்தகைய சிறு பொருளுக்கு ஓர் உரை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். 2016ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்கள் எல்லாரும் அதிர்வுத்தாங்கியின் குறையால் மாண்டவர்கள் என்று நான் கூற வரவில்லை. ஆயினும் விடியுமுன் இருளில், மழை நனைத்த செம்மண் பாதையில், பின்னால் பாரம் ஏற்றிக்கொண்டு செல்லும் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்குப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருப்பதே முதற் பாதுகாப்பு. அச்சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைக்கும் பொறுப்பு இந்த இரண்டு தாங்கிகளுடையது.

நம் பெரியவர்கள் காண்டாக் கம்பில் இரு வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, பாலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் சைக்கிள் வந்தது. அதன் பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டியை 1958ஆம் ஆண்டில் வெளியிட்டது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார். அந்தக் ‘கப்’ என்ற பெயரோடு சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்தே ‘கப்சாய்’ என்ற பெயர் வழக்கிற்கு வந்தது என்பர். 1996ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தின் குரூணிலிருந்து ‘மோடெனாஸ் கிரிஸ்’ வண்டியும் வெளிவந்தது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறி, லயங்களை விட்டு நம் மக்கள் பலர் பட்டணத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்குச் சென்றுவிட்ட இக்காலத்தில், பிரட்டுக்களத்திற்கு நேரத்தோடு வந்து சேர இவ்வண்டியை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் இவ்வண்டியை வடிவமைத்தவர்கள் ஓட்டுபவர் ஒருவரையும் பின்னமர்பவர் ஒருவரையும் மனத்தில் கொண்டே அதன் தாங்கிகளை அமைத்தார்கள். இருபது லிட்டர்த் தோம்பு இரண்டில் பாலை நிரப்பிப் பின்னால் கட்டினால், அதன் எடை ஏறக்குறைய 40 கிலோ. அல்லது ஒட்டுப்பால் நிறைந்த சாக்கு ஒன்று ஏறும். தோட்டப் பாதையின் பள்ளங்களோ சொல்லவே வேண்டாம். ஆகவே பட்டணத்தில் பத்து ஆண்டு உழைக்கும் தாங்கி நம்மிடத்தில் அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடுகிறது. புதியதன் விலை கைக்கு எட்டாதபோது பழையதை நாடுகிறோம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல நிலையிலுள்ள பழைய தாங்கி, மலிவான போலிப் புதுத் தாங்கியைக் காட்டிலும் மேலானது என்றே நான் கருதுகிறேன். தேர்ந்தெடுக்கவும் சீர் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அதற்கு முதலில் இப்பொருள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம்.

நம் வீடுகளில் குழந்தைக்குச் சேலையால் ஏணை கட்டி, அதை உத்தரத்தில் ஒரு சுருள்வில்லில் மாட்டியிருப்போம். குழந்தையைப் படுக்க வைத்ததும் வில் நீண்டு ஏணை தாழ்கிறது. லேசாக ஒருமுறை இழுத்து விட்டால், அது மேலும் கீழுமாக வெகுநேரம் ஆடிக்கொண்டே இருக்கிறது. குழந்தை உறங்குவதற்கு அந்த ஆட்டம் நல்லது. தாய் சமையற்கட்டில் வேலையைப் பார்க்கலாம். ஆனால் அதே ஆட்டம் மோட்டார் சைக்கிளுக்கு ஏற்பட்டால் என்ன ஆகும்? ஒரு குழியில் விழுந்து எழுந்த வண்டி, அடுத்த குழி வரும்வரை குதித்துக்கொண்டே போகும். குதிக்கும் ஒவ்வொரு முறையும் டயர் தரையை அழுத்தும் விசை குறையும். சில வேளை டயர் தரையை விட்டே விலகும். அந்த நொடியில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நில்லாது.

ஆகவே தாங்கிக்குள் இரண்டு வேலையாட்கள் இருக்கிறார்கள். வெளியே நம் கண்ணுக்குத் தெரியும் சுருள்வில் ஒருவர். அவர் சுமையைத் தாங்குகிறார். உள்ளே குழாயில் அடைக்கப்பட்டிருக்கும் எண்ணெய் மற்றவர். அவர் ஆட்டத்தை அடக்குகிறார். குழாய்க்குள் ஒரு தண்டு, அதன் நுனியில் நுண்ணிய துளைகளும் அடைப்பிதழ்களும் கொண்ட ஓர் உந்து தட்டு. தண்டு அசையும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியாக நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றுநீரில் கையை மெதுவாக அசைத்தால் தடை தெரியாது. வேகமாக வீசினால் நீர் எதிர்த்துத் தள்ளும். அதே போல எண்ணெயும் வேகமான அசைவையே மிகுதியாகத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட ஆட்டம் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. கரடுமுரடான பாதையில் வெகுதூரம் ஓட்டியபின் தாங்கியின் குழாயைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருப்பது இதனால்தான்.

இனி நான் சொல்லப்போவதே இன்றைய உரையின் உயிர்நிலை. பல தாங்கிகளின் அடிப்புறத்தில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் வில் சற்று நெருங்கும். இதைப் படி வளையம் என்று அழைப்போம். வண்டி குதிக்கிறது என்றவுடன் நம்மவர் செய்யும் முதல் வேலை, இந்த வளையத்தை மேற்படிக்கு ஏற்றுவதுதான். ஆனால் அந்த வளையம் வில்லை மட்டுமே தொடுகிறது. எண்ணெய்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எண்ணெய் ஒழுகிப் போன தாங்கியில் வளையத்தை ஏற்றினால், அடக்குவார் இல்லாத வில் முன்னைக் காட்டிலும் அதிகமாக இறுகி, வண்டியை இன்னும் வேகமாகத் தூக்கியெறியும். ஓட்டுபவருக்கு ‘கெட்டியாகிவிட்டது’ என்ற நிறைவு. உண்மையில் ஆபத்து கூடியிருக்கிறது. வண்டி தாழ்கிறதா, குதிக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தாழ்ந்தால் வில்லின் காரியம். வளையத்தால் சீர் செய்யலாம். குதித்தால் எண்ணெயின் காரியம்; அந்தத் தாங்கியை மாற்றுவது ஒன்றே வழி.

இன்னொன்றையும் இங்கே கூறிவிடுகிறேன். வளையத்தை ஏற்றுவதால் வில்லின் வலிமை கூடுவதில்லை. முன்னரே சற்று அழுத்தி வைக்கப்பட்ட வில், அதே சுமைக்குக் குறைவாக அமிழ்கிறது; வண்டியின் பின்புறம் உயர்ந்து நிற்கிறது. பத்துக் கிலோவுக்கு ஒரு விரற்கடை தாழும் வில், எந்தப் படியிலும் அடுத்த பத்துக் கிலோவுக்கு அதே ஒரு விரற்கடைதான் தாழும்.

நிற்க. கடைக்குச் செல்வோம்.

தொங்கும் தாங்கிகளுள் நமக்குரியதைத் தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோலும் ஒரு பழந்துணியும் போதும். நம் வண்டியிலுள்ள பழைய தாங்கியின் மேற்கண்ணின் நடுவிலிருந்து கீழ்க்கண்ணின் நடுவரை உள்ள நீளத்தை வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணின் துளைப் பருமனையும், கண்ணின் அகலத்தையும் அவ்வாறே குறித்துக்கொள்க. நீளம் ஒன்றாக இருப்பது மிக முக்கியம். நீண்ட தாங்கியைப் பூட்டினால் பின்புறம் உயரும். இரட்டைக் கால் ஸ்டாண்டு தரையை ஊன்றாமல் வண்டி சாயும். திருப்பும்போது முன்சக்கரம் துடுக்காகத் திரும்பும். குட்டையானதைப் பூட்டினால் பின்புறம் தாழ்ந்து, பள்ளத்தில் டயர் மட்கார்டில் உராயும். முன்விளக்கின் ஒளி பாதையை விட்டு மரக்கிளையைத் தேடும். விடியற்காலைப் பயணத்திற்கு அது எவ்வளவு இடர் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அழகுக்காகப் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும் வழக்கம் இளைஞர்களிடையே உண்டு. பட்டணத்துத் தார்ச்சாலையில் அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். பால் தோம்போடு செல்பவர்க்கு அது ஆகாது.

அடுத்து, இரண்டும் ஒரே இணையா என்று பாருங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் இரண்டும் வெவ்வேறு வண்டிகளிலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும். கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, வில்லின் நீளம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று வலிதாயும் மற்றது மெலிதாயும் இருந்தால், சக்கரத்தைத் தாங்கும் பின் கவை ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கப்படும்; வண்டி ஒருபுறம் இழுக்கும்.

பின்னர் தண்டைப் பாருங்கள். வில்லின் இடைவெளியில் தெரியும் அந்தப் பளபளப்பான தண்டில் துருப்புள்ளிகள் இருக்கின்றனவா? விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். தண்டு மேலும் கீழும் செல்லும்போதெல்லாம் அந்தத் துருப்புள்ளி அரம்போல் எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுக்கும். இன்று ஒழுகாத தாங்கி இரண்டு மாதத்தில் ஒழுகும். தண்டு குழாய்க்குள் நுழையும் இடத்தைப் பழந்துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான பிசுபிசுப்பு இருந்தால் கவலையில்லை. எண்ணெயும் மண்ணும் குழைந்து கருஞ்சேறாக அப்பியிருந்தால் உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டது என்று பொருள். துப்புரவாகக் கழுவிப் புதுச் சாயம் பூசி வைத்திருப்பதைக் கண்டால் மகிழ்ந்துவிட வேண்டாம். கழுவியவர் எதைக் கழுவினார் என்று யோசியுங்கள்.

இதன்பின் அழுத்திப் பார்க்க வேண்டும். நெடுநாள் படுக்க வைத்திருந்த தாங்கியின் உள்ளே எண்ணெயும் காற்றும் இடம் மாறியிருக்கும். வண்டியில் நிற்கும் நிலையிலேயே செங்குத்தாகப் பிடித்து, தரையில் ஊன்றி, ஏழெட்டு முறை அழுத்தி விடுங்கள். காற்று மேலே போய் எண்ணெய் தன் இடத்திற்கு வரும். இவ்வாறு செய்யாமல் நல்ல தாங்கியையும் கெட்டதென்று ஒதுக்கிவிடுவது உண்டு. பிறகு படி வளையத்தை மிகத் தாழ்ந்த படியில் வைத்துக்கொண்டு, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தி, கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். தண்டு சீராக, சற்றுத் தயங்கித் தயங்கி எழும்ப வேண்டும். படீரென்று எழும்பினால் எண்ணெய் வேலை செய்யவில்லை. இடையில் சிக்கி நின்றால் தண்டு வளைந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, ஒரே அளவு தாழ்கின்றனவா, ஒரே வேகத்தில் எழும்புகின்றனவா என்றும் கைக்குத் தெரியும்.

கீழ்க்கண் குழாயோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. வீட்டிற்கு வந்ததும் அவ்விடத்தை நன்கு சுரண்டித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, உலர்ந்த துணியால் முற்றிலும் துடைத்தபின் பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைப் பொடியாகத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வந்து, வெண்மையின்மீது கோடு போட்டாற்போல் காட்டிவிடும். கோடு தெரிந்தால் அந்தத் தாங்கியைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அதற்காகவே, வாங்கும்போது பிழையிருந்தால் மாற்றித் தருவதாக ஒரு சொல் வாங்கிக்கொள்வது நன்று.

கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பற்றி நம்மைவிட உரிமையோடு பேசத்தக்கவர் எவர்! 1877ஆம் ஆண்டில் இதே பேரா மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் முதுமரமாக நிற்கிறது. மரத்திலிருந்து வடியும் பாலுக்கு அதிர்வை உள்வாங்கித் தணிக்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. அந்த ஆற்றலைப் பெருக்கி, மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய கனத்த ரப்பர் அடுக்குகளின்மேல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1985ஆம் ஆண்டில் ஒரு நீதிமன்ற வளாகமே எழுப்பப்பட்டது. நிலநடுக்கத்தின் குலுக்கலைக் கட்டடத்திற்கு ஏறவிடாமல் அந்த ரப்பர் தணித்துவிடும். கட்டடத்திற்கு அது செய்யும் தொண்டைத்தான் இந்தச் சிறு புஷ்ஷும் நம் வண்டிக்குச் செய்கிறது.

ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு பகை உண்டு. பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் அது வீங்கி, மென்மையாகி, உதிரும். ஆகவே ஒழுகும் தாங்கி தன் புஷ்ஷையும் கெடுத்துக்கொள்கிறது. புது புஷ்ஷைத் துளைக்குள் நுழைக்கச் சிலர் கிரீசு தடவுவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வாறு செய்யலாகாது. சவர்க்கார நீர் தொட்டு நுழைத்தால் எளிதாக நுழையும், பிறகு தானே உலர்ந்துவிடும். பழைய தாங்கியை வாங்கும்போது புஷ் மட்டும் புதிதாக வாங்குவதே அறிவுடைமை. செலவும் பெரிதன்று.

எச்சரிக்கையாக இரண்டு சொற்கள். தாங்கியிலிருந்து வில்லைக் கழற்ற, அதற்குரிய அழுத்துக் கருவி இல்லாமல் முயலவே கூடாது. அடைபட்டிருக்கும் வில் விடுபட்டால் தலையைத் தாக்கும். அவ்வாறே, பக்கத்தில் சிறு உருளை ஒட்டியிருக்கும் தாங்கிகள் சிலவற்றில் நைட்ரஜன் வாயு அழுத்தத்துடன் அடைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் துளையிடுவதோ, தீயால் பற்றவைப்பதோ உயிரோடு விளையாடுவதாகும். நம் சிறு வண்டிகளின் தாங்கிகள் பெரும்பாலும் திறந்து எண்ணெய் மாற்றும்படி செய்யப்பட்டவை அல்ல. அறுத்து, இயந்திர எண்ணெயை ஊற்றி, மறுபடி பற்றவைத்துத் தருகிறேன் என்று எவரேனும் முன்வந்தால் நன்றி கூறி விடைபெறுங்கள்.

இனிப் பூட்டும் முறை. வண்டியை இரட்டைக் கால் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் அடியில் பலகை கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு தாங்கிகளையும் ஒருசேரக் கழற்றினால் பின் கவை தொங்கி, சங்கிலியும் பிரேக்குக் கம்பியும் இழுபடும். ஒருபுறம் கழற்றி, அங்கே மாற்றுத் தாங்கியைப் பூட்டிய பின்பே மறுபுறம் செல்க. கழற்றும்போது எந்த வளையம் உள்ளே, எந்த வளையம் வெளியே, தொப்பி மரை எந்தப் பக்கம் என்பதை ஒரு தாளில் வரிசையாக வைத்துக்கொண்டால் குழப்பம் நேராது. புகைக்குழாய் இருக்கும் பக்கத்தில் இடம் குறுகலாக இருக்கும். வில் குழாயில் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரைகளை முதலில் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் மேலே அமர்ந்து சுமை ஏறியபின் முழுமையாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால், புஷ் முறுக்கிய நிலையிலேயே காலம் முழுவதும் கிடந்து விரைவில் கிழியும்.

பூட்டியாயிற்று. இப்போதுதான் சீர் செய்தல் தொடங்குகிறது. இதற்கு முன் டயரின் காற்றழுத்தத்தை வண்டியின் கையேட்டில் கூறியபடி சரிசெய்து கொள்ள வேண்டும். காற்றில்லாத டயரை வைத்துக்கொண்டு தாங்கியைக் குறை சொல்வது நியாயமன்று.

வண்டி ஸ்டாண்டில் நின்று பின்சக்கரம் தொங்கும்போது, சக்கர அச்சிலிருந்து நேர்மேலே இருக்கையின் அடியிலோ மட்கார்டிலோ ஓரிடத்தில் அடையாளமிட்டு, இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதுங்கள். 42 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாக ஓட்டுபவர் வழக்கமான உடையோடும், நாள்தோறும் கொண்டு செல்லும் உளி, வாளி முதலியவற்றோடும் அமரட்டும். ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் மறுபடியும் அளக்கட்டும். 40 சென்டிமீட்டர் வந்தால், வண்டி 2 சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கிறது. நம் சிறு வண்டிகளின் பின்சக்கரம் மேலும் கீழும் செல்லக்கூடிய மொத்த இடம் ஏறக்குறைய 7 அல்லது 8 சென்டிமீட்டர்தான். அதில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமிழ்வது பொருத்தமானது. சற்று அமிழ்ந்தே நிற்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர முடியும்.

அதற்குக் கூடுதலாக அமிழ்ந்தால் படி வளையத்தை ஒரு படி ஏற்றுங்கள். குறைவாக அமிழ்ந்தால் ஒரு படி இறக்குங்கள். இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். வளையத்தைத் திருப்பக் கொக்கிச் சாவி ஒன்று உண்டு. பட்டறையில் கேட்டால் இரவல் தருவார்கள். திருப்புளியை வைத்துச் சுத்தியால் அடித்துத் திருப்பினால் வளையத்தின் பற்கள் நசுங்கும், சில வேளை தெறிக்கும். பழைய தாங்கியில் வளையம் துருவேறி அசையாமல் இருக்கலாம். கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, ஊடுருவும் எண்ணெய் சில துளிகள் விட்டு, ஓர் இரவு பொறுத்திருந்தால் பெரும்பாலும் இளகிவிடும். அந்த எண்ணெய் புஷ்ஷின்மேல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில தாங்கிகளில் படி வளையமே இல்லை. அத்தகையதை வாங்கினால் வில் கொடுத்ததை ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இனி, முழுப் பாரத்தோடு ஒருமுறை அளந்து பாருங்கள். பாலோ ஒட்டுப்பாலோ ஏற்றியபோது மொத்த இடத்தில் பாதிக்குமேல் அமிழ்ந்துவிட்டால், பெரிய பள்ளத்தில் தாங்கி அடி தட்டும். மேற்படியில் வைத்தும் அப்படியே இருந்தால், வில் களைத்துவிட்டது, அல்லது அந்த வில் நம் சுமைக்கு உரியதன்று. இதற்கு மாறாக, அடிப்படியில் வைத்தும் வண்டி அமிழவே இல்லையெனில், அது பெரிய வண்டியிலிருந்து வந்த வலிய வில். கல்லுக்குக் கல் துள்ளும். இரண்டுமே நமக்கு உதவாதவை.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் இதில் அடங்கும். பின்சக்கர அச்சுக்கு நேர்மேலே வைத்த 40 கிலோ, பின்சக்கரத்தின்மேல் 40 கிலோவாகவே இறங்குகிறது. அதையே அச்சுக்குக் கால் மீட்டர் பின்னால் நீண்டிருக்கும் கேரியரில் வைத்தால் ஏற்றக்கோல் கணக்கு வந்துவிடுகிறது. நம் சிறு வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 1.2 மீட்டர். கணக்கிட்டால், பின்சக்கரத்தின்மேல் 48 கிலோ இறங்குகிறது. முன்சக்கரத்தின்மேலிருந்து 8 கிலோ கழிகிறது. முன்சக்கரம் இலேசானால் திருப்பியபடி வண்டி திரும்பாது, முன்பிரேக்கும் பிடிக்காது. ஆகவே தோம்புகளை இருபுறமும் சரிசமமாக, அச்சுக்கு இயன்றவரை முன்னால், தாழ்வாகக் கட்டுங்கள். பாதி நிரம்பிய தோம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே அலைமோதி வண்டியைத் தள்ளும் என்பதும் உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததே. மூடியை இறுக்கி, கயிற்றை இரட்டையாகக் கட்டுவது நல்லது.

எல்லாம் முடிந்தபின் எண்ணெய்க்கு ஒரு சோதனை. வண்டியைப் பிடித்துக்கொண்டு, இருக்கையின் பின்முனையை ஓங்கி அழுத்தி, சட்டென்று கையை எடுங்கள். பின்புறம் எழும்பி ஒருமுறை தன் நிலைக்கு வந்து நிற்க வேண்டும். இரண்டு, மூன்று முறை ஏணைபோல் ஆடினால் நாம் வாங்கிய தாங்கி ஏமாற்றிவிட்டது. அப்போது வளையத்தைத் தொடாதீர்கள், கடைக்காரரிடம் போங்கள்.

தாங்கி மாற்றிய பிறகு சங்கிலியின் தொய்வும் பிரேக்கு மிதியின் விளையாட்டும் மாறியிருக்கக்கூடும். இரண்டையும் கையேட்டின்படி சரிசெய்க. முன்விளக்கை ஒரு சுவரின் எதிரே பிடித்து, ஒளி எங்கே விழுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய நிலையில் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் பார்ப்பதில் பயனில்லை. முதலில் ஒரு நாள் பாரமின்றி, தெரிந்த பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மேல், கீழ் மரைகள் நான்கையும் மீண்டும் முடுக்கிப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய மரை முதல் வாரத்தில் தளர்வது உண்டு.

இன்னொரு செய்தி. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் விபத்து நேர்ந்தால், 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் இழப்பீடு கோர இடமுண்டு. வேலைக்குத் தொடர்பில்லாத காரணத்திற்காக வழியை விட்டு விலகிச் சென்றிருந்தால் அது பொருந்தாது போகலாம். விபத்து நடந்தால் நிர்வாகத்திற்கு உடனே தெரிவியுங்கள். காவல் நிலையப் புகாரின் நகலையும் மருத்துவச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வெளியே கொட்டகையின் ஓரத்தில் ஒரு வண்டி நிற்கிறது. பக்கத்தில் ஒரு ஜோடி பழைய தாங்கிகளும், கொக்கிச் சாவியும், அளவுகோலும் வைத்திருக்கிறேன். அந்த இரண்டில் ஒன்று நல்லது, மற்றது கெட்டது. எது எதென்று நான் சொல்லப் போவதில்லை. தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்து, நீங்களே எனக்குச் சொல்லுங்கள். வாருங்கள்.